சாகிற அக்கா

டென்மார்க்கில் இருக்கிற தமிழர்களில் அதிக தடவை இறந்தவர் எங்கள் சாகிற அக்காதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நஞ்சு குடித்து, காய்ச்சல் கண்டு, ஏரியில் விழுந்து, அண்ணன்காரனின் வாளில் தவறுதலாகக் குத்துப்பட்டு, ஒரு தடவை எந்தக் காரணமும் இல்லாமல் வெறும் கவலையினாலே என்று பதினேழு விதமாக இறந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எழும்பி வந்து, தலை குனிந்து, கைதட்டலை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஹேர்னிங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் லீக்ஸ் தண்டு தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்பார். இப்போதும் நல்ல சுகமாக இருக்கிறார்.

அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. அது நகரசபை அலுவலகத்திலும் தேவாலயத்திலும் மட்டும் பாவனையில் இருந்தது. ஹேர்னிங் தமிழர்களுக்கு அவர் சாகிற அக்கா. தொழில், ஒப்பேராவில் சொப்ரானோ. அதாவது பெண் குரல்களிலேயே ஆக உயரத்தில் பாடுகிறவர். ஒப்பேரா என்பது எல்லாவற்றையும் பாட்டாகவே சொல்கிற நாடகம். அதில் பெரிய சொப்ரானோ ஒருத்தி இருப்பாள். அவள் கடைசிக் காட்சியில் சாவாள். அவளுடைய தங்கை, தோழி, வேலைக்காரி என்று யாராவது ஒருத்தி நடுவிலேயே செத்துவிடுவாள். அந்த நடுவில் சாகிற வேலைதான் அக்காவுக்கு. இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஏழெட்டு வருடம் பிடித்தது.

அக்கா மட்டக்களப்புக்காரி. அங்கே தேவாலயத்தில் பாடியவர். இங்கே வந்ததும் திரைச்சீலை தைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தார். நான் அதே இடத்தில் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது தையல் இயந்திரங்கள் ஒன்றாக ஓடுகிற மண்டபம் அது. நூல் முடிந்தால் மேசையிலுள்ள பொத்தானை அமத்த வேண்டும், சிவப்பு விளக்கு எரியும், களஞ்சியக்காரர் வருவார். அக்காவின் மேசையில் விளக்கு பழுதாகிவிட்டது. ஆகவே இருந்த இடத்திலிருந்தே டேனிஷில் "வெள்ளை நூல்" என்று கேட்டார். களஞ்சியக்காரர் மண்டபத்தின் மறு அந்தத்தில், காதுக் கவசம் போட்டபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு காது கேட்காது என்பது தொழிற்சாலைக்கே தெரிந்த விஷயம். அவர் திரும்பி, வெள்ளை நூலோடு ஓடி வந்தார். அதற்குப் பிறகு அந்த விளக்கை யாரும் திருத்தவில்லை.

மொழி வகுப்பு ஆசிரியைதான் முதலில் விஷயத்தைக் கண்டுபிடித்தார். டேனிஷ் உயிரெழுத்துகள் தொண்டைக்குள் எங்கேயோ ஒளிந்திருப்பவை. நாங்கள் எல்லோரும் அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தபோது அக்கா அவற்றை நீட்டிப் பாடினார். ஆசிரியையின் தங்கை ஓர்ஹூஸ் நகரத்தில் பாட்டு ஆசிரியை. அவர் அக்காவைக் கால் மணி நேரம் பாட வைத்துக் கேட்டுவிட்டு, "நீங்கள் பத்து வருடம் பிந்தி வந்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை வாருங்கள்" என்றாராம். அக்காவுக்கு அப்போது வயது இருபத்தொன்பது.

அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணை பேக்கரியில் வேலை. அதிகம் கதைக்காதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"திங்கக்கிழமை சமையல் ஆரு?"

"நீங்கதான்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் அவர்தான் சமைக்கிறார். ஆறு வருடம் அக்கா தையலும் பாட்டுமாக ரெயிலில் போய் வந்தார். முடிவில் ஊர் ஊராகப் போகிற ஓர் ஒப்பேராக் குழுவில் இடம் கிடைத்தது.

எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது பாடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் குடியிருப்பில் தவமணி மாமி என்றொருவர். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், எந்தத் தகவலையும் உறுதிப்படுத்தாமல் அனுப்ப மாட்டார்.

"இப்ப எங்க வேலை?" என்று மாமி கேட்டார்.

"பாடுறன் மாமி."

"அது சரி. வேலை எங்க?"

"பாடுறதுதான் வேலை."

மாமி விடவில்லை. "லீவு நாளில என்ன செய்வாய்? தைப்பியோ?"

அக்காவின் முதல் மேடையேற்றம் ஹேர்னிங்கிலேயே நடந்தது. நாங்கள் பதினான்கு பேர் பட்டும் நகையும் குளிர்ச்சட்டையுமாகப் போய் மூன்றாம் வரிசையில் இருந்தோம். பிரபுவின் வீட்டு வேலைக்காரியாக அக்கா வந்தார். எசமானிக்கு வைத்த நஞ்சைத் தான் வாங்கிக் குடித்தார். குடித்த பிறகு ஏழு நிமிடம் பாடினார். பிறகு விழுந்து செத்தார்.

மாமி ஒப்பாரி வைத்தார்.

விம்மினார் என்று எழுதினால் அது பொய். தலையில் கையை வைத்து, எடுத்த எடுப்பிலேயே முழுக்குரலில் தொடங்கினார். பக்கத்திலிருந்த டேனிஷ் கிழவர் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். வாத்தியக் குழுவை நடத்துகிறவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சுருதி பொருந்துகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தொடர்ந்து நடத்தினார்.

இதுவரைக்கும் இது சிரிக்கிற கதை. ஆனால் அந்த வரிசையில் மரியதாஸ் அண்ணையின் மடியில் அக்காவின் மகள் ஷரோன் இருந்தாள். ஆறு வயது. அம்மா விழுந்தபோது அவள் சும்மாதான் இருந்தாள், வீட்டில் விழுந்து பழகும்போது பார்த்திருக்கிறாள். மாமி அழத் தொடங்கியதும்தான் இது உண்மை என்று முடிவு செய்தாள். அவள் கத்திய கத்தலில் தாயின் குரல் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கதைப்படி வேலைக்காரியின் உடல் திரை விழும்வரை மேடையிலேயே கிடக்க வேண்டும். பதினொரு நிமிடம். அக்கா கிடந்தார். அண்ணை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திய பிறகும் சத்தம் கேட்டது. முடிந்ததும் அக்கா முகமெல்லாம் வெள்ளை மாவோடு ஓடி வந்து கையை நீட்டினார். பிள்ளை அப்பாவின் கழுத்தை விடவில்லை.

"எழும்பியிருக்கலாமே அக்கா" என்று சில வருடம் கழித்து ஒரு நாள் நான் கேட்டேன்.

"செத்தவ எழும்பினா மற்ற ஆக்கள்ர பாட்டு என்னாகும் தம்பி?" என்றார். பிறகு, "ஒரு விரல் மட்டும் ஆட்டினன். அவ காணல்ல" என்றார்.

அதற்குப் பிறகு ஷரோன் அம்மாவின் எந்த மேடைக்கும் வரவில்லை. மாமியோ ஒன்றையும் தவறவிடவில்லை. முதல் தடவைக்குப் பிறகு அவர் அழுவதை நிறுத்திவிட்டு, தரம் பார்க்கத் தொடங்கினார். நாடகம் முடிந்ததும் வாசலில் நின்று அறிக்கை கொடுப்பார்.

"போன முறை வடிவாச் செத்தனி. இந்த முறை அவசரப்பட்டிட்டாய்."

அக்கா புருவத்தை உயர்த்துவார்.

"செத்த பிறகு ரெண்டு தரம் மூச்சு விட்டனி. நான் பாத்தனான்."

அக்கா இதைக் கொப்பியில் குறித்துக்கொள்வார். கேலிக்காக இல்லை. அடுத்த தடவை மூச்சு விடமாட்டார்.

தொழிலில் அப்படி ஒரு பக்தி. குரலுக்கு ஓய்வு வேண்டும் என்று மேடைக்கு முதல் நாளும் மேடை நாளும் வாயே திறக்கமாட்டார். கழுத்தில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் தொங்கும். எல்லாம் எழுத்து மூலம்தான். ஒரு கல்யாண வீட்டுக்கு அப்படியே வந்துவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா நோர்வேயிலிருந்து வந்தவர், அக்காவைத் தெரியாதவர். மூன்று தடவை சுகம் விசாரித்தும் பதில் இல்லை என்றதும் முகம் மாறி, "என்ன தங்கச்சி, எங்களோட ஏதும் கோவமோ?" என்றார்.

அக்கா எழுதிக் காட்டினார். "கோவம் இல்ல. நாளைக்குச் சாகிறன்."

சித்தப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். கதிரை ஒன்று கொண்டுவந்து அக்காவை இருத்தினார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மரியதாஸ் அண்ணையைத் தேடிப் பிடித்து, தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை?" என்று கேட்டார்.

அண்ணை வாயிலிருந்த வடையை மென்று முடித்தார். "போன கிழமையும் செத்தவ" என்றார்.

பயிற்சி இன்னொரு பிரச்சினை. மாடிவீட்டில் பாடினால் மூன்று தளத்துக்குக் கேட்டது. ஆகவே கார் தரிப்பிடத்தில், காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாடத் தொடங்கினார். குளிர்காலத்தில் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்துவிடும். வெளியே நிற்பவருக்கு உள்ளே யாரோ ஒரு பெண் உயிருக்காகக் கத்துகிற மாதிரித்தான் கேட்கும். புதிதாகக் குடிவந்த ஒருவர் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். நான் குப்பை போடப் போனபோது இரண்டு பொலிஸ்காரர் கார்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு விரல் உயர்ந்தது, பொறுங்கள் என்பதுபோல. பொறுத்தார்கள். அந்த அடி முடிய ஒன்றரை நிமிடம் ஆனது.

"இவருக்கு உதவி ஏதும் தேவையா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

"இல்லை. வேலை செய்கிறார்" என்றேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

இப்படி வருடங்கள் போயின. ஷரோன் வளர்ந்தாள், தாதியர் படிப்புக்காக ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போய் அங்கேயே அறையெடுத்துத் தங்கினாள். நல்ல பிள்ளை. ஆனால் தாய் தமிழில் கேட்டால் மகள் டேனிஷில் சொல்வாள், அதுவும் இரண்டு சொல். அக்கா பேசாமல் இருக்கவேண்டிய நாட்கள் அந்த வீட்டில் கூடிப்போயிருந்தன. பிள்ளையின் பிறந்தநாள், பள்ளிக்கூட விழா எல்லாம் எப்படியோ மேடைக்கு முதல் நாளாகவே வந்தன. அவற்றில் கொப்பியோடு வந்த ஒரே அம்மா அவர்தான்.

அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயதானது. இனி இளம் குரல்கள் வேண்டும், இந்த நாடகப் பருவத்தோடு போதும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை சாப்பிடும்போது அண்ணைக்குச் சொன்னாராம். அண்ணை இன்னொரு துண்டு மீனை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாராம்.

அந்தப் பருவத்தின் கடைசி நாடகம் ஒரு நகைச்சுவை. மாவு ஆலை நடத்துகிற ஒரு விதவை, தன் ஆலையைப் பிடுங்க வந்த மூன்று பேரைச் சுத்துமாத்துப் பண்ணி அனுப்பிவிட்டு, கடைசியில் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்கிறாள். அக்காவுக்கு அதில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுகிற வேலை. கூடவே, பெரிய சொப்ரானோவுக்கு ஏதும் நடந்தால் அவருடைய இடத்தில் பாடவும் பழகி வைத்திருக்க வேண்டும். பல வருடங்களாகப் பல வேடங்களுக்கு அப்படிப் பழகி வைத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெரிய சொப்ரானோ தை மாதத்தில் கடலில் குளிக்கிறவர், எங்கள் யூட்லாந்துப் பக்கத்திலேயே ஆரோக்கியமான பெண்.

ஒரு மாசி மாத ஞாயிறு காலை என் வீட்டு மணி அடித்தது. திறந்தேன். அக்கா கொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கார் இருக்கா? இவர் வேலைக்குக் கொண்டு போயிற்றார். ஹொல்ஸ்டெப்ரோ. மூண்டு மணிக்கு நாடகம். பெரியவக்கு இருமல். இண்டைக்கு நான்தான்."

நான் வாசித்து முடிக்கும்முன் அடுத்த தாளைப் புரட்டினார்.

"கடைசி வரைக்கும் உயிரோட இருப்பன்."

கீழே இறங்கியபோது தவமணி மாமி காரின் பின்னிருக்கையில் ஏற்கெனவே இருந்தார், தேநீர்ப் போத்தலோடு. எப்படித் தெரிந்ததென்று நான் கேட்கவில்லை. தபால் கந்தோர் அனுபவம்.

புறப்படுமுன் அக்கா என் தொலைபேசியைக் காட்டி எழுதினார். "ஷரோனுக்கு எடுங்க. வரச் சொல்லுங்க." நான் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன்.

"ஷரோன், அம்மா இண்டைக்கு ஹொல்ஸ்டெப்ரோவில பெரிய வேஷம் பாடுறா. உன்னை வரட்டாம்."

"அம்மா ஏன் எடுக்கவில்லை?" என்று டேனிஷில் கேட்டாள்.

"அவ இண்டைக்குக் கதைக்கமாட்டா, பிள்ளை."

"தெரியும்" என்றாள்.

அக்கா அவசரமாக எழுதினார். நான் வாசித்தேன். "இந்த முறை சாகமாட்டாவாம்."

"எனக்குப் படிக்க இருக்கிறது அங்கிள்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா பென்சிலைக் கொப்பியின் சுருளுக்குள் செருகினார். பிறகு பையிலிருந்து ஒரு பச்சை நிறப் பாவாடையை வெளியே எடுத்தார். குழுவில் யாரோ அன்று காலைதான் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். பெரிய சொப்ரானோ அக்காவைவிட ஒரு தலை உயரம். வழி முழுக்க, ஓடுகிற காரில், அக்கா அந்தப் பாவாடையின் விளிம்பை மடித்துத் தைத்தார். தொழிற்சாலையில் ஒரு தையல் கூடப் பிசகாதவர். ஆனால் வழியில் வட்டச் சந்திகள் பல இருந்தன, ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது. அவர் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை.

நாடகம் தொடங்கியது. நானும் மாமியும் ஆறாம் வரிசையில். மாமிக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது, அதில் மாமி தன் கைப்பையை வைத்திருந்தார். அக்கா மேடைக்கு வந்தார். இத்தனை வருடம் நான் கேட்டதெல்லாம் சாகப் போகிறவளின் குரல். அன்றைக்குத்தான் பேரம் பேசுகிற, பொய் சொல்கிற, கண்ணடிக்கிற குரலைக் கேட்டேன். டேனிஷ் சனம் சிரித்தது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் வாய்விட்டுச் சிரிப்பது குறைவு.

"என்ன இது, சந்தோஷமா நிக்கிறாள்" என்று மாமி கவலையோடு என் காதில் சொன்னார்.

இடைவேளை முடிந்து விளக்கு அணைகிற நேரம், மாமியின் கைப்பையை யாரோ எடுத்து மாமியின் மடியில் வைத்துவிட்டு அந்தக் கதிரையில் இருந்தார்கள். ஷரோன். குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. எந்த நேரமும் எழும்பிப் போகலாம் என்பதுபோலக் கதிரையின் நுனியில் இருந்தாள்.

கடைசிப் பாகத்தில் விதவை மாடிப்படியால் இறங்கி வரவேண்டும். மூன்றாவது படியில், காரில் தைத்த விளிம்பு அவிழ்ந்தது. அக்காவின் கால் பாவாடைக்குள் சிக்கியது. மிச்சமிருந்த படிகளை அவர் இறங்கவில்லை, வந்து சேர்ந்தார். பலகை மேடையில் விழுந்த சத்தம் வாத்தியத்தை மீறிக் கேட்டது. முகம் குப்புற, ஒரு கை முன்னால் நீண்டு, அசையாமல் கிடந்தார்.

"பொய் சொல்லிப்போட்டாள்" என்றார் மாமி.

எனக்கு இது கதையில் இல்லை என்று தெரியும். வாத்தியக் குழு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கியது. எனக்கு முதலில் ஷரோனைப் பார்க்கத்தான் தோன்றியது. அவள் எழும்பி நின்றாள். கத்தவில்லை. இரண்டு கையையும் முன் கதிரையின் முதுகில் ஊன்றி, நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலிருந்த மனிதர் மரியாதையாக, "கொஞ்சம் இருக்க முடியுமா? மேடை தெரியவில்லை" என்றார்.

அவள் திரும்பவில்லை. "அது என் அம்மா" என்றாள்.

அந்த மனிதர் தன் உடம்பை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டார். முடியும்வரை அப்படியே சாய்ந்திருந்து பார்த்தார். அவர் யாரென்று தெரியாது, எங்கேயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மேடையில் கிடந்த அக்கா தலையைத் தூக்கினார். சபையைப் பார்த்தார். இருட்டில் இருக்கிற அத்தனை தலைகளுக்கு மேலே நிற்கிற ஒரேயொரு ஆளைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தார். ஒரு கையால் பாவாடையை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மற்றக் கையை உயர்த்தி, அந்தக் கதையில் எங்கேயும் இல்லாத ஒரு கையசைப்புச் செய்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிற தாய் செய்வாளே, அது. பிறகு வாத்தியத்துக்குத் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மீதி இருபது நிமிடமும் முழங்கால் தெரியத்தான் பாடினார், கல்யாணமும் அப்படியே நடந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியபோது ஷரோனுக்கு எழும்ப வேண்டிய வேலை இருக்கவில்லை.

திரும்பும்போது அக்கா முன்னால் இருந்தார், பின்னால், தன் அறைக்குப் போகாமல் எங்களோடு ஏறிய ஷரோனும் மாமியும். ஹொல்ஸ்டெப்ரோ தாண்டும் முன்னமே மாமி நித்திரை. பாடி முடித்தால் மறுநாள் காலைவரை அக்கா பேசமாட்டார் என்பது சட்டம். கொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"அந்த விளிம்பைத் தைத்தது யார்? படுமோசம்" என்றாள் ஷரோன், டேனிஷில்.

"நான்தான்" என்றார் அக்கா, வாயால். "தம்பி வளைவெல்லாம் வேகமா எடுத்தா நான் என்ன செய்ற?"

"முழங்காலைக் காட்டுங்கள். வீங்கியிருக்கிறது. ஐஸ் வைக்க வேண்டும்."

"வீட்ட போய் வைப்பம்."

"இப்போதே வைக்க வேண்டும். நான் இதைத்தான் படிக்கிறேன்."

"உங்கட ஆறு வயசில விரல் ஆட்டினன். நீங்க பாக்கல்ல."

"எந்த விரல்?"

அக்கா காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிறுத்தவேயில்லை. ஒருத்தி தமிழில், மற்றவள் டேனிஷில். எல்லாப் பழைய பிறந்தநாட்களும் காருக்குள் வந்தன. சண்டையா சமாதானமா என்று என்னால் சொல்ல முடியாது, சத்தம் இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. ஹேர்னிங்குக்கு அரை மணிக்குச் சற்றுக் கூடப் போகும். நான் வேகத்தைக் குறைத்தேன். பிறகு இன்னும் குறைத்தேன். ஓர் உழவு இயந்திரம் எங்களை முந்திக்கொண்டு போனது, ஓட்டியவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"என்ன தம்பி, இவ்வளவு மெதுவாப் போறீங்க?" என்று அக்கா பேச்சுக்கு நடுவில் கேட்டார்.

"ரோட்டில பனி அக்கா, வழுக்கும்" என்றேன்.

அன்று பனி பெய்யவில்லை. தெரு காய்ந்து கிடந்தது.